பொய்த் தையல்

ஒரு பூட்ஸின் தரத்தை எங்கேயிருந்து பார்ப்பது? போட்டுக்கொண்டு நடக்கிறவன் மேலேயிருந்து பார்க்கிறான். விற்கிறவன் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பக்கவாட்டில் காட்டுகிறான். என் அப்பா அதைக் கவிழ்த்துப் போட்டு அடியிலிருந்து பார்த்தார். இந்த மூன்று பேரில் யாருடைய பார்வைக்கு ரசனை என்று பெயர், யாருடைய பார்வைக்குப் பெயரே கிடையாது என்பதில்தான் என் கேள்வி இருக்கிறது. தோலைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். சாதி தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. நான் கூப்பிடவில்லை.

அப்பா குன்னூரில் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் ஒரு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வீட்டில் தெலுங்கு, சுவரோரத்தில் தமிழ், ராணுவ அதிகாரிகளின் ஆர்டர்லிகளிடம் உடைந்த இந்தி. ஒரு குத்தூசி, கொக்கி ஊசி, தோல் அறுக்கிற கத்தி, மெழுகு நூல், பழைய டயர், ஒரு டப்பா சொல்யூஷன், மூன்று கால் இரும்பு. கடை அவ்வளவுதான். வந்ததில் பெரும்பாலானவை வார் அறுந்த செருப்புகள். ஆனால் பக்கத்தில் வெலிங்டன் இருந்தது. 1947 முதல் அங்கே ராணுவப் பணியாளர் கல்லூரி நடக்கிறது. வெளிநாட்டு அதிகாரிகளும் வந்து படிப்பார்கள். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அதனால் இங்கிலாந்தின் நார்த்தாம்டனில் தைத்த பூட்ஸுகளும் அந்தச் சுவரோரத்துக்கு வந்தன. சோல் தேய்ந்து, ஆர்டர்லியின் கக்கத்தில்.

அந்த மாதிரி ஒன்று வந்தால் அப்பா அன்றைக்கு வேறு ஆளாகிவிடுவார். முதலில் கையை உள்ளே விட்டுத் தடவுவார். உள்ளட்டையில் தையல் கையில் தட்டினால் அது மேலிருந்து அடிவரை ஒரே குத்தாகத் தைத்தது, தண்ணீர் ஏறும். தட்டாவிட்டால் அடுத்த சோதனை. மேல்தோலை லேசாக வெளிப்பக்கம் இழுத்து, தோலும் ஓரப்பட்டையும் சேருகிற இடுக்கில் நூல் தெரிகிறதா என்று பார்ப்பார். குதிகால் பக்கம் கட்டைவிரலால் அமுக்குவார். அப்புறம் மோந்து பார்ப்பார். பட்டை போட்டுப் பதனிட்ட தோலுக்கு ஒரு வாசனை, குரோமில் பதனிட்ட தோலுக்கு ஒரு வாசனை. சந்தேகம் வந்தால் ஒரு துணுக்கைச் சீவி நெருப்பில் காட்டுவார். குரோம் தோலின் சாம்பலில் பச்சை தட்டும்.

சோலைப் பிரிக்கும்போதுதான் எனக்குப் பாடம் நடக்கும். நல்ல பூட்ஸில் இரண்டு தையல். முதல் தையல் மேல்தோலையும் உள்ளட்டையையும் வெல்ட் என்கிற ஓரப்பட்டையையும் சேர்த்துப் பிடிக்கிறது. இரண்டாவது தையல் அடிச்சோலை வெல்ட்டோடு மட்டும் பிடிக்கிறது. சோல் தேய்ந்தால் இரண்டாவது நூலை அறுத்தால் போதும். மேல்தோலுக்கு ஒரு கீறல் விழாது. பிரிக்கப்படுவோம் என்று தெரிந்தே செய்யப்பட்ட பொருள் அது. நடுவில் இருக்கிற பள்ளத்தில் தக்கைத்தூள் நிரப்பியிருப்பார்கள். நாலைந்து வருஷம் மிதிபட்ட தக்கையிலும் உள்ளட்டையிலும் அந்த மனுஷனின் கால் அப்படியே பதிந்திருக்கும். "இந்த ஆளு எடது காலை ஊனி நடக்க மாட்டான். முட்டியில அடிபட்டிருக்கும் பாரு" என்பார் அப்பா. பார்த்தே இராத அதிகாரியைப் பற்றி.

உள்ளட்டையில் முதல் தையல் எதைப் பிடித்திருக்கிறது என்பதையும் பார்ப்பார். கையால் தைத்தவன் உள்ளட்டைத் தோலிலேயே ஒரு வரம்பு செதுக்கி அதில் குத்தியிருப்பான். மெஷினில் தைத்ததில் பெரும்பாலும் ஒரு துணிப்பட்டியை ஒட்டி, அந்தப் பட்டியில் தைத்திருப்பார்கள். பசை விட்டால் பட்டி விடும். பட்டி விட்டால் எல்லாம் விடும். செதுக்கின வரம்பு கண்ணில் பட்டால் அப்பா கொஞ்ச நேரம் பேச மாட்டார். "தைச்சவன் கைகாரன்" என்பார். யாரோ ஒரு வெள்ளைக்காரத் தொழிலாளிக்குக் குன்னூர் சுவரோரத்தில் கிடைத்த மரியாதை அது. எங்கள் ஆள் என்று அவனை அப்பா நினைத்தாரா? நினைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1978இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு தோட்டத்து மேலாளர், நம் ஆட்களில் ஒருவர்தான், வெள்ளைக்காரர் அல்ல, தானே பூட்ஸைக் கொண்டுவந்தார். சீமையில் வாங்கியது. ஓரம் முழுக்கப் பளிச்சென்று வெள்ளைத் தையல். சோல் மாற்றித் தைக்கச் சொன்னார். அவர் நின்றுகொண்டிருக்கும்போதே அப்பா கத்தியை விட்டார். சோல் கேக் மாதிரி கழன்று வந்தது. நூல் எங்கும் போகவில்லை. ஓரப்பட்டையில் மேலே குத்தி மேலேயே முடிந்திருந்தது. எல்லாம் பசை. குதியைப் பிரித்தால் மேலே ஒரு சுற்றுத் தோல், உள்ளே அழுத்திய காகித அட்டை.

அப்பா சொன்னார்: "சாமி, இது தையல் இல்லீங்க. ஒட்டுனது. தைச்ச மாதிரி காட்டியிருக்காங்க. நானும் ஒட்டித்தான் குடுக்க முடியும். தையக்கூலி வாங்குனா பொய்யாப் போயிரும்."

"இது என்ன வெலைன்னு தெரியுமாடா ஒனக்கு? சக்கிலி, நீ எனக்கு பூட்ஸ் சொல்லித் தர்றியா?"

காலால் ஒரு எத்து. சொல்யூஷன் டப்பா சாக்கடையில் விழுந்தது. பிரிந்த பூட்ஸை அவரே தூக்கிக்கொண்டு போனார். அப்பா எழுந்திருக்கவில்லை. நான் டப்பாவை எடுத்துத் துடைத்தேன். பாதிக்கு மேல் போய்விட்டது.

இத்தனை வருஷமாக அந்தக் கோபத்தை யோசித்துப் பார்க்கிறேன். தன்னை ஏமாற்றியவன் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. ஏமாந்துவிட்டாய் என்று சொன்னவன் மேல் வந்தது. அதுவும் சொன்னதற்காக அல்ல, சொன்ன இடத்துக்காக. அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டால், தரையில் உட்கார்ந்திருக்கிற ஒருவன் ஐந்து நிமிஷம் தனக்கு வாத்தியாராக இருந்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதைவிடப் பொய்த் தையலோடு நடந்துபோவது அவருக்குச் சுலபம்.

கிரேக்க ஓவியன் அப்பெல்லஸைப் பற்றி ரோமானியரான பிளினி எழுதிவைத்த ஒரு கதை உண்டு. ஓவியத்தில் செருப்பு தப்பாக வரைந்திருக்கிறது என்று ஒரு செருப்புத் தைப்பவர் சொன்னார். ஓவியன் திருத்தினான். மறுநாள் அவர் காலும் சரியில்லை என்றார். செருப்புக்கு மேலே போகாதே என்று ஓவியன் அதட்டிவிட்டான். ஐரோப்பாவில் இதைப் பழமொழியாகவே வைத்திருக்கிறார்கள், அவனவன் எல்லையில் நிற்க வேண்டும் என்பதற்கு. திமிரான கதைதான். ஆனாலும் அங்கே செருப்பு வரைக்குமாவது அவர் பேச்சு எடுபட்டது. எங்களுக்குச் செருப்பு வரைக்கும்கூடக் கிடையாது.

கிடையாது என்பதை நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. கோயமுத்தூர்ப் பக்கம் கிராமத்தில் என் தாத்தா தானே தைத்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் ஊர்த்தெருவைக் கடந்தார். கொங்குப் பகுதியில் எங்கள் சனங்களுக்கு அதுதான் சட்டம். செருப்பு கடிக்கிறதா, குதி தாங்குகிறதா என்று தைத்தவன் போட்டு நடந்து பார்க்கக் கூடாது. செய்யலாம், சோதிக்கக் கூடாது. அறிவு கையோடு நிற்க வேண்டும், காலுக்குப் போய்விடக் கூடாது.

இதையே வேறு ஒருவர் செய்தால் என்ன ஆகிறது? தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது காந்தி செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். சிறையில் ஒரு ஜோடி செய்து ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் கொடுத்தார். ஸ்மட்ஸ் அதைப் பல கோடைக்காலம் போட்டுக்கொண்டு, 1939இல் காந்தியின் எழுபதாவது பிறந்தநாளுக்குத் திருப்பி அனுப்பினார். அவ்வளவு பெரிய மனிதரின் செருப்பில் நிற்கத் தனக்குத் தகுதியில்லை என்றும் எழுதினார். நெகிழ வேண்டிய கதை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் கேட்கிற கேள்வி சின்னது. அந்தத் தையல் எப்படி இருந்தது? யாராவது கவிழ்த்துப் பார்த்தார்களா? பனியாவின் கையிலிருந்து வந்ததால் தோல் தவமாகிவிட்டது. என் அப்பா கையிலிருந்து வந்தால் தோல் தோல்தான், நாற்றம் நாற்றம்தான்.

இதை ஒருமுறை தோழர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் குறுக்கிட்டார். "நீங்க தொழிலைக் கொண்டாடுறீங்க. கடைசியில அது சாதியைக் கொண்டாடுறதுல போய் முடியும். 1927ல மகத்துல அம்பேத்கர் என்ன சொன்னாரு? செத்த மாட்டைத் தூக்காதே, அந்தக் கறியத் திங்காதேன்னாரு. தூக்குறதுல எவ்வளவு திறமை பாருன்னா சொன்னாரு?"

நியாயமான கேள்வி. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களைப் பிரித்துவைப்பது என்று 1936இல் அவர் எழுதியதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை. அப்பாவும் தோழர் பக்கம்தான். என்னைக் குத்தூசியைத் தொட விட்டதே இல்லை. "பாரு. தொடாதே" என்பார். எங்கள் வீட்டிலும் ஒரு தீண்டாமை இருந்தது; அது நான் பள்ளிக்கூடம் போவதற்காக இருந்தது.

ஆனால் சாதி அப்பாவுக்குக் கொடுத்தது சுவரோரத்தை. கைப்பக்குவத்தை அல்ல. இதற்கு என் சித்தப்பாவே சாட்சி. அதே வீட்டில், அதே வயிற்றில் பிறந்தவர். ஐம்பது வயது வரைக்கும் நேராக ஒரு வார் தைக்க வரவில்லை. நாளைக்கு ஒருதரம் விரலில் குத்திக்கொள்வார். பிறவித் தொழில் என்று பேசுகிறவர்களிடம் அவரைத்தான் அனுப்பிவைக்க வேண்டும். கடல் தாண்டியும் ஒரு சாட்சி உண்டு. சுரினாமில் அடிமையாக இருந்த ஒரு கறுப்பினத் தாய்க்கு 1852இல் பிறந்த யான் மட்செலிகர், அமெரிக்காவில் லின் நகரத்துச் செருப்புத் தொழிற்சாலையில் கூலிக்குச் சேர்ந்தார். கட்டையின் மேல் தோலை இழுத்து மடித்து ஆணி வைக்கிற வேலையைக் கையால்தான் செய்ய முடியும் என்று கைகாரர்கள் இறுமாந்திருந்த காலம். 1883இல் அதற்கு மெஷின் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார். ஆள் ஐம்பது ஜோடி செய்த இடத்தில் மெஷின் நூற்றுக்கணக்கில் செய்தது. முப்பத்தாறு வயதில் காசநோயில் செத்துப்போனார். அந்த மெஷினுக்குத் தொழிற்சாலைகளில் வைத்த பட்டப்பெயர் கறுப்பர்களைத் திட்டுகிற சொல். தபால் தலையில் அவர் முகம் வர 1991 ஆயிற்று.

தோழர் இன்னொன்றும் கேட்டார். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "ஒட்டிக் குடுத்துட்டுத் தையக்கூலியும் வாங்கியிருக்கலாமே. அந்தாளுக்கு நேர்மையா நடந்துக்கணும்னு உங்கப்பாவுக்கு என்ன தலையெழுத்து?"

மனுஷனாக மதிக்காதவனுக்கு உண்மை சொல்லக் கடமை உண்டா? இல்லை என்றுதான் நான் சொல்வேன். கொத்தடிமை வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று எவனாவது எனக்கு ஒழுக்கம் போதிக்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவேன். பிறகு ஏன் அப்பா அப்படிச் செய்தார்? அவர் மேலாளரிடம் பேசவில்லை என்று நினைக்கிறேன். அந்த பூட்ஸ் எங்கே போனாலும் மறுபடி ஒருநாள் பிரிக்கப்படும். பிரிக்கிறவன் இன்னொரு சுவரோரத்து ஆள். 'இதுக்குத் தையக்கூலி வாங்குனவன் எவன்டா' என்று அவன் கேட்பான். உடுத்துகிறவன் பார்க்காத இடத்தை இவர்கள் ஒருவருக்கொருவர் படித்துக்கொள்கிறார்கள். அப்பா பயந்தது அந்த வாசகனுக்கு.

இந்தப் பதில் எனக்கே முழுசாகத் திருப்தியில்லை. நேர்மையான கூலிக்காரன் என்ற படம் முதலாளிக்கு ரொம்பப் பிடித்த படம் என்பதும் தெரிகிறது. சொல்யூஷன் டப்பாவுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை என்பதும் ஞாபகம் இருக்கிறது.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். போன வருஷம் என் ஓய்வூதிய நிலுவையில் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினேன். ஆம்பூரில் செய்தது, உண்மையான வெல்ட். இழுத்துப் பார்த்து, மோந்து பார்த்துத்தான் வாங்கினேன். கடைப்பையன் ஒரு மாதிரி பார்த்தான். வாங்கும்போது பாலாற்றையும் நினைத்தேன். தோல் ஆலைகள் அந்த ஆற்றைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996இல். தரம் என்று நான் தடவிப் பார்த்த எதிலும் அந்தத் தண்ணீர் தட்டுப்படவில்லை. அடியிலிருந்து பார்த்தாலும் தெரியாத ஒரு அடி இருக்கிறது போல.

சோல் தேய்ந்ததும் சென்னையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். ஏசி ஓடியது. கவுண்டரில் இருந்த தம்பி பூட்ஸைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "எந்த பிராண்ட் சார்?" என்றார். ஆம்பூர் என்றேன். "லோக்கல்தான். புதுசு வாங்கிரலாம் சார்" என்றார். பின்னால் தடுப்புக்கு அந்தப்பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. அவரைப் பார்க்கலாமா என்றேன். தம்பிக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் விட்டார்.

உள்ளே ஏசி இல்லை. அறுபது வயது இருக்கும். பூட்ஸை வாங்கிக் கவிழ்த்தார். கையை உள்ளே விட்டார். மேல்தோலை லேசாக இழுத்தார். நான் எதுவும் சொல்லவில்லை. அவர் விரல் போன இடத்துக்கெல்லாம் என் கண் முன்னாலேயே போய் நின்றது. அதை அவர் கவனித்துவிட்டார்.

"சாருக்கு எந்த ஊரு?"

இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறேன், எதற்குக் கேட்கிறார்கள் என்றும் தெரியும். எப்போதும் பொய்யோ பாதியோ சொல்லித்தான் தப்பித்திருக்கிறேன். "குன்னூர். அப்பா மார்க்கெட் பக்கம் உட்கார்ந்திருந்தார்" என்றேன்.

காலால் ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினார். விளக்கை இழுத்துத் தாழ்த்தினார்.

"பழைய ஓட்டையிலயே நூலை விட்டா வெல்ட் இன்னும் ரெண்டு சோல் தாங்குமுங்க. புதுசா குத்துனா கிழிஞ்சுரும். நேரமாகும். பரவாயில்லயா?"

பரவாயில்லை என்றேன்.