பர்ளு கிஃபாயாவும் படிக்கும் பிள்ளைகளும்



நம் மஹல்லாக்களில் இப்படிப்பட்ட பிள்ளைகளை இன்று காண்கிறோம். எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிறான், மருத்துவனாகும் ஆசை இன்னும் விடவில்லை. நீட் தேர்வுக்கான வயது உச்சவரம்பு 2022-இல் நீங்கிவிட்டதால், பட்டம் பெற்ற பின்னும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. எனவே பகலெல்லாம் கல்லூரி. இரவில் 720 மதிப்பெண்ணுக்கான தயாரிப்பு. இதற்கிடையே கப்ரு தோண்ட ஆள் சேர்ப்பதும், இரத்தம் கொடுப்போரைத் தேடி அலைவதும் அவன் தலையில்தான். ஒருநாள் வர இயலாது என்றானோ, "படிப்பு வந்ததும் தீன் போய்விட்டது" என்று ஒரு சொல் கிளம்பிவிடும். அந்தச் சொல் நியாயந்தானா?

ஐவேளைத் தொழுகை பர்ளு ஐன். எந்தத் தேர்வைச் சொல்லியும் அதை விட எவருக்கும் அனுமதியில்லை. ஜனாஸாவைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுது, அடக்குவதோ பர்ளு கிஃபாயா. சிலர் செய்தால் மற்றவர் மீதுள்ள கடமை நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளியாகும்.

இனி, மருத்துவக் கல்வியும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஹிஜ்ரி 505-இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் மருத்துவத்தைப் பர்ளு கிஃபாயா என்றே எழுதினார்கள். முஸ்லிம் மருத்துவர் ஒருவரும் இல்லாத ஊர்கள் பல இருக்க, கற்பவர்கள் அதை விட்டுவிட்டு ஃபிக்ஹு வாதங்களில் முண்டியடிக்கிறார்களே என்று வருந்தவும் செய்தார்கள். ஆகவே புத்தகத்தின் முன் அமர்ந்திருக்கும் அந்தப் பிள்ளை ஊர்ப் பணியை விட்டு ஓடியவனல்ல. ஊருக்காக ஒரு பணியில் இருப்பவன்தான்.

இதைக் கேட்டு, "அப்படியானால் எனக்கு எதுவும் இல்லை" என்று பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொள்ளவும் வேண்டாம். கிஃபாயாவான காரியத்தைச் செய்யத் தக்கவர் ஒருவரே இருந்தால், அது அவர் மீது ஐனாகிவிடும் என்பது ஃபுகஹாக்களின் சொல். பிரசவத்தில் ஒரு தாய்க்கு உன் இரத்த வகை தேவை, வேறு ஆளில்லை என்றால், மறுநாள் தேர்வென்றாலும் எழுந்து போகத்தான் வேண்டும். ஆனால் கூட்டத்துக்கு நாற்காலி போட நீதான் வரவேண்டும் என்பதில்லை. அதற்கு ஆள் உண்டு.

ஸல்மான் (ரலி) அவர்கள் அபூதர்தா (ரலி) அவர்களின் இல்லத்தில் தங்கிய செய்தி புகாரியில் வருகிறது. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்த நண்பரை உண்ணச் செய்தார்கள், உறங்கச் செய்தார்கள், இரவின் கடைசியில் எழுப்பித் தம்முடன் தொழவைத்தார்கள். இறைவனுக்கும், உன் உடலுக்கும், உன் குடும்பத்துக்கும் உன் மீது உரிமை உண்டு என்றார்கள். ஸல்மான் உண்மையே சொன்னார் என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்). வணக்கத்துக்கே இந்த அளவு என்றால், மூன்று மணி நேரம் மட்டும் உறங்கி மூன்று வேலை பார்க்கும் பிள்ளையைப் பற்றி என்ன சொல்வது? சுப்ஹு களாவாகிறதே, அதைத் தாய் தந்தையர் கவனிக்கிறார்களா?

ஜமாஅத்துப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது ரமளான் பிப்ரவரி, மார்ச்சை ஒட்டி வருகிறது. பருவத் தேர்வு ஏப்ரலில். நீட் வழக்கமாக மே மாதத்தில். ஷஃபானிலேயே உட்கார்ந்து பெயர்களை எழுதுங்கள். கடை வைத்திருப்பவர், ஓய்வு பெற்றவர், வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்திருப்பவர் எல்லோருக்கும் கஞ்சி ஊற்ற முறை வையுங்கள். படிக்கும் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை ஒருநாள் போதும்.