எண்ணெய்க் குடமும் சனிக்கிழமைச் சம்பளமும்



2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா நம் தேசத்து ஆயத்த ஆடை உள்ளிட்ட சரக்குகளுக்குக் கூடுதல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, திருப்பூரில் அநேக பனியன் கம்பெனிகளில் ஆர்டர் குறைந்தது. ஓவர்டைம் நின்றது, ஷிப்டும் குறைந்தது. சனிக்கிழமைச் சம்பளம் மெலிந்துபோனது. ஆனால் வீட்டு வாடகை மெலியவில்லை. "இந்த வாரத்தை எப்படித்தானுங்க ஓட்டறது பாஸ்டர்?" என்று கண்ணீரோடு கேட்ட சகோதரிகள் உண்டு. வரி கூடும், குறையும். அன்றைக்கு வாங்கின வட்டிக்கடன் தானாய்க் குறையுமா?

2 இராஜாக்கள் 4-ம் அதிகாரத்தில் ஒரு விதவையைப் பார்க்கிறோம். அவள் புருஷன் தேவனுக்குப் பயந்தவன்தான். ஆனாலும் கடன் வைத்துவிட்டு மரித்தான். கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்க வந்து நின்றான். இன்றைக்கும் கடன் பிள்ளைகளைத்தான் கேட்கிறது. பத்தாவது படிக்கிற பையனை நிறுத்தி, கைமடிக்க அனுப்பிவிடலாமா என்று யோசிக்கிற தகப்பனே, அந்த வாசலில் நிற்கிற கடன்காரனைப் பார்!

முதலாவது, எலிசா அவள் வீட்டில் இருப்பதை விசாரித்தான். ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தவளுக்கு ஒரு குடம் எண்ணெய் ஞாபகம் வந்தது. நாமும் இருப்பதை எண்ணுவோம். ஒரு நோட்டு போடுங்கள். வாடகை 6,000 என்றால், சம்பளம் வந்த அன்றே 1,500 ரூபாயைத் தனி டப்பாவில் போட்டுவிடுங்கள். மிச்சத்தில்தான் மளிகை. ரேஷனில் அரிசி கார்டுக்கு அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். முகம் சுளிக்காதிருங்கள். அந்தப் புழுங்கலரிசியை உளுந்தோடு ஊறப்போட்டால் இரண்டு நாள் பலகாரம் முடிந்தது.

இரண்டாவது, அவள் கதவைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். அற்புதம் ஊர் பார்க்க நடக்கவில்லை. புருஷனும் மனைவியும் சேர்ந்து உட்காருங்கள். எவ்வளவு கடன் என்று ஒளிக்காமல் பேசுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள், அந்தப் பையன்கள்தானே பாத்திரம் எடுத்துக் கொடுத்தார்கள்! பிறந்தநாளுக்கு பிளக்ஸ், கடன் வாங்கி சீர், இதெல்லாம் திறந்த கதவின் செலவு.

மூன்றாவது, எண்ணெயை விற்று முதலில் கடனை அடைத்து, மீதியில் ஜீவனம்பண்ணச் சொன்னான். இந்த வரிசையைக் கவனியுங்கள். வார வட்டிக்காரர் 10,000 என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுக்கிறார். வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். இதை அடைக்க இன்னொரு வாரக் கடன் வாங்குவது நெருப்பை எண்ணெயால் அணைக்கிற கதை. வட்டி அதிகமான கடனை முதலாவது முடியுங்கள். கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. மிரட்டினால் பயந்து ஒளியாதிருங்கள். கடன் வாங்கிக் காணிக்கை போடவும் வேண்டாம். தேவன் உங்களிடத்தில் இல்லாததைக் கேட்கிறவரல்ல.

வேலை குறையாத குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. அவளுக்கு வெறும் பாத்திரம் கொடுத்தது அக்கம்பக்கத்தார். அவர்கள் கொடுக்காதிருந்தால் எண்ணெய் எதில் நிரம்பியிருக்கும்? ஆராதனை முடிந்ததும் பைக்கை எடுப்பதற்கு முன்னே, பக்கத்தில் உட்கார்ந்தவர் வீட்டில் இன்றைக்கு உலை வைத்தார்களா என்று மெதுவாய் விசாரியுங்கள். பள்ளிக்கூடப் பீஸ் கட்ட முடியாத பிள்ளை நம் சபையிலே இருக்குமானால், அது நம்மெல்லார் வீட்டுப் பிள்ளை.

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் வீட்டில் மீதியாயிருக்கிற கொஞ்சத்தை ஆசீர்வதியும். கணக்குப் பார்க்க ஞானமும், கடனை மறைக்காத தைரியமும் தாரும். எங்கள் பிள்ளைகளைக் கடனுக்கு விலகக் காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும் பிதாவே. ஆமென்.