முயலுக்கு வலித்தால்

நாய்க்கு வலித்தால் முனகும். மாட்டுக்கு வலித்தால் கத்தி ஊரைக் கூட்டும். முயல் ஒன்றும் செய்யாது. நரிக்கும் பருந்துக்கும் இரையாகப் பிறந்த பிராணி அது. நொண்டுவது வெளியே தெரிந்தால் அடுத்த வேளை உணவு அதுதான். அதனால் உயிர் போகிற வலியிலும் மூலையில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். கண்ணில் ரசாயனத்தை விட்டுச் சோதிக்கும் டிரெய்ஸ் சோதனைக்கு 1944 முதல் முயலையே பிடித்து வைத்ததற்கு இந்தச் சாதுத்தனமும் ஒரு காரணம். அழகுப்பொருள்களுக்காக அப்படிச் சோதிப்பதை நம் நாட்டில் தடை செய்ய 2014 ஆயிற்று.

எங்கள் முயல் பாப்புவுக்கு ஆறு வயது நெருங்கும்போது கருப்பையில் புற்று என்று தெரிந்தது. கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு நான்கு வயதைத் தாண்டினால் அடிக்கடி வருகிற நோய்தான். எக்ஸ்ரேயில் நுரையீரலிலும் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. “ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்லைங்க. வலி இல்லாம வெச்சுக்கலாம்” என்றார் டாக்டர். கேட்கும்போது சின்ன வேலையாகத்தான் தெரிந்தது. வலி இல்லை என்பதை யார் சொல்வது என்ற கேள்வி வீட்டுக்கு வந்த பிறகுதான் எழுந்தது.

முகத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்று கற்றுக்கொடுத்தவரும் அவரே. காதில் பச்சை குத்தும்போது முயல்களின் முகம் எப்படி மாறுகிறது என்று கவனித்து, 2012இல் ஆய்வாளர்கள் ஓர் அளவுகோலை வெளியிட்டிருக்கிறார்கள். கண், கன்னம், மூக்கு, மீசை, காது என ஐந்து இடங்கள். மாற்றம் இல்லையென்றால் பூஜ்யம், லேசாக இருந்தால் ஒன்று, நன்றாகத் தெரிந்தால் இரண்டு. தினமும் விளக்கேற்றும் நேரத்தில் தரையில் குப்புறப் படுத்து, பாப்புவின் முகத்துக்கு நேராக என் முகத்தை வைத்துப் பார்ப்பேன். வலி இல்லாத நாளில் கண் முழுதாகத் திறந்திருக்கும். கன்னம் உப்பலாக இருக்கும். மூக்கு ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். வலி வந்துவிட்டால் கண் பாதி மூடி, கன்னம் ஒட்டிப்போய், மூக்கின் அடிப்பக்கம் கூராகிவிடும். காதுகள் சுருண்டு முதுகோடு ஒட்டிக்கொள்ளும். காது கொடுத்துக் கேட்டால் பல்லை நறநறவென்று அரைக்கும் சத்தம் வரும். தடவிக்கொடுக்கும்போது சுகமாக மெல்லுகிற சத்தமும் உண்டு. இரண்டையும் பிரித்தறியக் கொஞ்ச நாள் பழக வேண்டும்.

முகத்தைவிடப் புழுக்கை இன்னும் நேர்மையானது. கூண்டுக்கு அடியில் விரித்த செய்தித்தாளைக் காலையில் எடுத்துப் பார்த்தாலே இரவு எப்படிப் போயிற்று என்று தெரிந்துவிடும். நல்ல நாளில் கொண்டைக்கடலை அளவில் உருண்டையாக, நாரோடு இருக்கும். வலி கூடினால் மிளகளவுக்குச் சிறுத்து, கோணலாகி, பிறகு நின்றே போகும். வலி வந்தால் முயல் தின்னாது. தின்னாவிட்டால் குடல் நகராது. குடல் நகராவிட்டால் வாயு கட்டி வலி இன்னும் ஏறும். வாந்தியெடுக்கவும் முடியாத பிராணி. அரை நாள் தின்னாமல் இருந்தாலே டாக்டரிடம் ஓட வேண்டும். ஆகவே வலி மருந்து என்பது முயலுக்குப் போனால் போகிறது என்று காட்டுகிற கருணை அல்ல. குடல் ஓடுவதற்கே அது வேண்டும்.

மருந்து மெலாக்சிகாம். நாய்களுக்குக் கொடுக்கிற அதே சொட்டு மருந்துதான். முயலின் உடல் அதைச் சீக்கிரம் வெளியேற்றிவிடுவதால், எடைக்கு எடை பார்த்தால் நாயைவிடப் பல மடங்கு தேவைப்படும். அந்தக் கணக்கை டாக்டர்தான் போட வேண்டும். ஊசி கழற்றிய சிரிஞ்சை வாயின் ஓரத்தில், முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் நுழைத்துத் துளித்துளியாக விட வேண்டும். இந்த மருந்துக்கு ஒரு பூர்வகதை உண்டு. வலிக்காக மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006இல் அதைக் கால்நடைகளுக்குத் தரக்கூடாது என்று தடுத்தபோது, கழுகுக்குத் தீங்கில்லாத மாற்றாக முன்வைத்தது மெலாக்சிகாமைத்தான். மோயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கிற பாறுகளும் எங்கள் பாப்புவும் ஒரே புட்டியை நம்பியிருந்தார்கள் என்று நினைத்தால் எனக்கு ஏனோ சிரிப்பு வரும்.

அது மட்டும் போதாத நாளும் வந்தது. அடுத்த படி புப்ரெனார்ஃபின். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிற மருந்து என்பதால் கடையில் கேட்டு வாங்க முடியாது, டாக்டரே போட வேண்டும். போட்டால் பாப்பு காலை நீட்டிப் படுக்கும். ஆனால் மந்தமாகிவிடும்; குடலும் சற்று மெதுவாகும். வலி குறைந்ததால் தின்ன வேண்டிய முயல், மயக்கத்தால் தின்னாமல் கிடக்கும். அன்றைக்கு ஊறவைத்த தீவனத்தைக் கூழாக்கி சிரிஞ்சில் ஊட்ட வேண்டியிருக்கும்.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “அதுபாட்டுக்குச் சாதுவா உட்கார்ந்திருக்கு. அதப் போய் ஏன்டி சிரிஞ்ச் வெச்சுப் படுத்தற? அதது பட வேண்டியதப் பட்டுத்தான் தீரணும்.” அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மாடிப்படியில் ஏறும்போது கைப்பிடியை அவள் பற்றுகிற விதத்தில் எவ்வளவு வலி என்று தெரியும். கேட்டால் “பழகிடுச்சு” என்பாள். துக்க வீடுகளில் இதைப் பெரிய பாராட்டாகவே சொல்லிக் கேட்டிருக்கிறேன்: ஒரு நாளாவது வாய்விட்டுச் சொல்லியிருப்பாளா மகராசி! அந்தப் பாராட்டில், தொந்தரவுபடாமல் தப்பித்த மற்றவர்களின் நிம்மதியும் கலந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். பொறுத்துக்கொள்கிறவர்களை நாம் போற்றுவது பாதி நம் வசதிக்காகத்தான். முயலிடம் அந்த வசதி எடுபடாது; அது சொல்லவில்லை என்று சும்மா இருந்தால் மறுநாள் செய்தித்தாள் காலியாக இருக்கும்.

ஆனால் அம்மா கேட்ட இன்னொரு கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. “இப்படியே எத்தன நாளுக்கு?”

1928இல் சபர்மதி ஆசிரமத்தில் தேறவே முடியாமல் துடித்துக்கொண்டிருந்த ஒரு கன்றுக்குட்டியை ஊசி போட்டு விடுவிக்க காந்தி சம்மதித்தார். கோபக் கடிதங்கள் குவிந்தன; தன் பத்திரிகையில் பதில் எழுதி, செய்தது சரிதான் என்று நின்றார். அவர் பக்கம்தான் நானும். ஆனாலும் அந்தக் கன்று துடித்தது, பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. மருந்து நன்றாக வேலை செய்கிற முயலிடம் அந்த அடையாளமும் இல்லை. எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டுமோ அதை நானே வேளாவேளைக்கு மருந்து விட்டு மறைத்துக்கொண்டிருந்தேன். வலியை அளந்துகொண்டே இருந்தால் அந்த நாள் வரவே வராது என்று புரிந்தது. பாப்புவிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கிற சத்தத்துக்குத் திரும்புகிறதா? முகத்தைக் கழுவிக்கொள்கிறதா? அருகம்புல்லில் இளசை மட்டும் பொறுக்குகிற திமிர் இன்னும் இருக்கிறதா?

மூச்சைப் பற்றி டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். முயல் மூக்கால் மூச்சுவிடுகிற பிராணி. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நுரையீரல் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். மூச்சுத்திணறலுக்கு வலி மருந்து பதில் சொல்லாது. அதுதான் எல்லை என்று முடிவு செய்துகொண்டோம். உண்மையில் வாய் திறக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. தலையைத் தூக்கிப் பிடித்து, மூக்கு விடைக்க, கொத்தமல்லியை முகர்ந்துவிட்டுத் தின்னாமல் விட்ட அன்றே போன் செய்தேன். இன்னும் சில நாள் இருந்திருக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தச் சில நாளைக் கழிக்க வேண்டியது அவர்கள் அல்ல.

டாக்டர் வீட்டுக்கே வந்தார். முதலில் மயக்க ஊசி, அது நன்றாக ஏறிய பிறகே அடுத்தது. அவர் இரண்டாவது சிரிஞ்சை எடுக்கும்போது அம்மா தடுத்தாள். “முதல் ஊசி முழுசா ஏறிடுச்சுன்னு எப்படித் தெரியும்?” பின்னங்கால் விரலை அழுத்திக் காட்டினார்; கால் லேசாக இழுத்துக்கொண்டது. “பாருங்க, இன்னும் இருக்கு” என்றாள் அம்மா. சற்று நேரம் கழித்து மறுபடி அழுத்திப் பார்த்து, கால் அசையாததை அவளும் பார்த்த பிறகுதான் விட்டாள்.

முயல் வளர்க்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இப்போது மருந்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். நான் டாக்டரின் நம்பரைத் தேடி எடுப்பதற்குள் அம்மா விசாரணையைத் தொடங்கிவிடுகிறாள்: எப்பக் கடைசியாத் தின்னுச்சு, புழுக்கை எந்த சைஸ், கண்ணு முழுசாத் திறக்குதா? முழங்காலைக் காட்ட மட்டும் இன்னும் யாரிடமும் வர மாட்டேன் என்கிறாள்.