மங்கலில் தோன்றும் பாம்பு

பழுதையைப் பாம்பென்று மயங்குகிறவனை வேதாந்திகள் நெடுங்காலமாக நமக்குக் காட்டி வந்திருக்கிறார்கள்; அந்த மயக்கத்துக்கு வேண்டிய வெளிச்சத்தின் அளவைத்தான் நாம் அதிகம் சிந்திப்பதில்லை. பூரண இருளில் பழுதையே தோன்றாது, நண்பகலில் பாம்பு தோன்றாது. பொருளின் பொது வடிவம் புலப்பட்டு, அதன் விசேஷ லட்சணம் மறைந்திருக்கும் மங்கலிலேதான் ஒன்றை மற்றொன்றாக ஏற்றிக் காணும் அத்தியாசம் நிகழ்கிறது என்பது சங்கர மரபினர் கண்ட நுட்பம்.

ஸ்டீம் என்னும் கணினி விளையாட்டு அங்காடியில், சிறு குழுவினர் ஆக்கிய திகில் விளையாட்டுக்கு முகப்புச் சித்திரம் தீட்டுகிறவனும் இந்த மங்கலையே உபாசிக்க வேண்டியவனாகிறான். 462க்கு 174 பிக்சல் அளவில் அவன் தரும் சிறு படத்தை அங்காடி 120க்கு 45 வரை சுருக்கிக் காட்டுமாதலால், அவன் சிரத்தையோடு வரைந்த இரத்தமும் கோரைப்பல்லும் வெறும் கறையாகிவிட, தலைப்பும் ஓர் உருவமுமே மிஞ்சும். டென்மார்க்கின் பிளேடெட் குழுவினர் 2010இல் வெளியிட்ட ‘லிம்போ’வின் நாயகன் இரண்டு வெண்புள்ளிக் கண்களோடு நிற்கும் நிழலுருவச் சிறுவன், அவனைச் சூழ்ந்த அபாயத்தைக் காண்பவன் மனமே கற்பித்துக்கொள்கிறது. கோரைப்பல் வரைகிறவர்கள் இதை நம்பமாட்டார்கள்!

இப்படி மறைத்துக் காட்டுவது வஞ்சனை அல்லவா என்று தர்மம் அறிந்தோர் கேட்கலாம். விமரிசன மதிப்பெண், விருது, தள்ளுபடி வாசகம் ஆகியவற்றைப் படத்தின்மேல் பொறிக்கலாகாதென 2022 செப்டம்பரில் அந்த அங்காடி விதித்தது. காண்பவனின் தீர்ப்பை முந்திக்கொள்ளும் அவற்றை விலக்கியது நியாயமே. பாதி மறைத்துக் காட்டுவதில் எனக்கு ஆக்ஷேபமில்லை. விளையாட்டினுள் இல்லாத பூதத்தை முகப்பில் எழுதுகிறவனைத்தான் பொய்யன் என்பேன், அவனுடைய சரக்கை நீங்கள் வாங்கவேண்டாம்.