காவலும் பேணலும்

இறைவனிடம் காவல் வேண்டி ஒப்படைத்த பொருளை மனிதன் தன் கையாலும் பேண வேண்டுமா, அவ்வாறு பேணுவது நம்பிக்கைக் குறைவாகுமா என்னும் வினா, காரின் முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் ரப்பர் போன்ற சிறு பொருளிலும் எழுகிறது. 1320 படிகளோடு வாகனப் பாதையும் அமைந்த, கொங்கு நாட்டு முருகன் தலமாகிய சென்னிமலையில் இவ்வினாவுக்குத் தனிப் பொருத்தம் உண்டு. தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் என்று வழிவழியாக நம்பப்படும் இம்மலை முருகனிடம் காவல் வேண்டும் மரபு இங்கு ஆழ வேரூன்றியது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியான கொங்கு நாட்டில் ஆண்டின் பெருமழை ஐப்பசி, கார்த்திகையிலேயே பெய்கிறது. அதுவரை பல மாதங்கள் வேலையின்றி வெயிலில் கிடக்கும் ரப்பர், வெப்பத்தாலும் புறஊதாக் கதிராலும் காற்றிலுள்ள ஓசோனாலும் இறுகி வெடிக்கிறது. கண்ணாடியைத் தொடும் அதன் மெல்லிய விளிம்பு ஒவ்வொரு வீச்சிலும் மறுபக்கம் மடங்கித் திரும்ப வேண்டும். இறுகிய விளிம்பு மடங்காமல் குதித்து, நீரைக் கோடுகோடாக விட்டுச் செல்வதால், மழையிரவில் எதிரே நடந்து வருபவர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறார்.

ஆகவே, இறுகிய ரப்பரை மாற்ற வேண்டும். புதிய வைப்பரின் நீளமும் கொக்கியும் காருக்குப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே தேர்வின் முதற்படி. உள்ளே வில்போன்ற எஃகுத் தகடு கொண்ட சட்டமில்லா வகை, வளைந்த கண்ணாடியில் அழுத்தத்தைச் சீராகப் பரப்புகிறது. சிலிக்கோன் வகை விலை கூடுதலாயினும் வெயிலை நன்கு தாங்குகிறது. எதை வாங்கினாலும் விளிம்பை ஈரத்துணியால் அவ்வப்போது துடைப்பதும், வண்டியை நிழலில் நிறுத்துவதும், உலர்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டாமல் முதலில் நீர் தெளிப்பதுமே அதன் ஆயுளை நீட்டிப்பவை. வண்டிப் பூசையில் கண்ணாடிக்கு இட்ட சந்தனம் காய்ந்தபின் அதன்மேல் வைப்பர் ஓடினால் விளிம்பு தேய்கிறது என்பதால், அதனை முன்னரே ஈரத்துணியால் துடைத்தெடுப்பதில் அவமதிப்பு ஏதுமில்லை.

பேணுவது நம்பிக்கைக் குறைவன்று என்பதற்குச் சைவ மரபே சான்று தருகிறது. மூலவர் திருமேனியைப் பீடத்தோடு பிணைக்கும் எட்டுப் பொருட்சாந்தாகிய அட்டபந்தனமும் காலத்தால் தளரும் என்பதை ஏற்றே, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பித்துக் குடமுழுக்குச் செய்யும் வழக்கம் நிலைபெற்றுள்ளது. தெய்வம் உறையும் இடத்துக்கே பராமரிப்பு தேவையெனில், வண்டிக்கு அது தேவையில்லை என்பது எவ்வாறு பொருந்தும்? சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளுள் முதலாவதாகிய சரியை, கோயிலைப் பெருக்கி மெழுகுதல் போன்ற உடலுழைப்பே வழிபாடாகும் நெறி. உழவாரம் ஏந்திய அப்பர் அதன் வடிவமாகப் போற்றப்படுகிறார்.

நிலையாமையை உணர்ந்தவர் அழியும் பொருளைக் கைவிட வேண்டும் என்பது ஒரு வாதம். ஆனால் பொருள்மீது பற்று வைப்பது வேறு, அப்பொருளை நம்பியிருக்கும் உயிர்களைக் காப்பது வேறு. முன்னதைத் துறப்பவருக்குப் பின்னதைத் துறக்க உரிமையில்லை. மழைக்காலத்தை ஒட்டியே வரும் ஆயுத பூசை நாளில், பொட்டிடும் கை வைப்பரின் விளிம்பையும் தடவிப் பார்த்து, இறுகியிருந்தால் மாற்றுமாயின், அவ்வேலையும் பூசையின் ஓர் அங்கமே ஆகும். ஏனெனில் காவல் வேண்டுவோர் பிறர்க்குத் தாமும் காவலாக இருக்கக் கடமைப்பட்டவர்கள்.