கதவு எண்

லிவர்பூல் மேத்யூ தெருவிலிருக்கும் கேவர்ன் கிளப்புக்கு நான் போனது மான்செஸ்டரில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது. பீட்டில்ஸ் 292 தடவை வாசித்த நிலவறை என்றார்கள். வெளியே வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அசல் நிலவறை 1973இல் மூடப்பட்டு, சுரங்க ரயிலுக்குக் காற்றுவழி அமைக்கவென்று தூர்க்கப்பட்டுவிட்டது. அந்தக் காற்றுவழியும் கடைசிவரை வரவில்லை. நான் நின்றுவிட்டு வந்தது 1984இல் பழைய செங்கற்களில் கொஞ்சத்தையும் சேர்த்து மறுபடி கட்டிய ஒன்று. கோபம் வந்தது. போன இடம் போய்விட்டது என்று ஒப்புக்கொள்வதுதான் நேர்மை, மாதிரி செய்து வைப்பது பொய். இருபத்து மூன்று வயதில் எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

அதன்பின் பாசாங்கு இல்லாத இடங்களைத் தேடிப் போனேன். நியூயார்க்கில் இரண்டாம் அவென்யூ 105: ஃபில்மோர் ஈஸ்ட், 1971இல் மூடியது, பிறகு அங்கே வங்கி வந்தது. பவரி 315: ரமோன்ஸ் வளர்ந்த சிபிஜிபி, வாடகைத் தகராறில் இடத்தை இழந்து 2006இல் மூடியது, பிறகு துணிக்கடை. "பாட்டு போன்லயே இருக்கு, பேங்க் வாசல்ல நின்னு என்ன கேக்கப்போறீங்க?" என்பாள் மனைவி. நியாயமான கேள்வி. கேட்பதற்காக நான் போகவில்லை. நடந்தது இங்கேதான் என்பதற்கு இந்த நிலம் சாட்சி என்றொரு நம்பிக்கை, அவ்வளவுதான்.

2019இல் வேலை நிமித்தமாக மூன்று வாரம் யாங்கோனில் இருந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே ஷ்வேடகோன் பகோடா சாலையில் ஜூபிலி ஹால் இருந்த இடத்தைத் தேடிப் போனேன். அதை ராக் அரங்கம் என்பது மிகை. விக்டோரியா ராணியின் வைர விழா நினைவாகக் கட்டப்பட்டு, நாடகமும் கச்சேரியும் அரசியல் மாநாடுகளும் நடந்த மண்டபம். 1947 மே மாதம் ஆங் சான் தம் கூட்டணியின் மாநாட்டை அங்கேதான் நடத்தினார். 1985இல் இடித்தார்கள். அந்த இடத்தில் ராணுவ அருங்காட்சியகம் வந்தது, பிறகு அதுவும் போனது. நான் போனபோது ஜப்பானிய முதலீட்டில் ஹோட்டல் வளாகம் எழும்பிக்கொண்டிருந்தது. 2021 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின் அந்த வேலையும் நின்றது. சற்றுத் தள்ளி, பகோடாவின் அடிவாரத்தில், மக்கள் சதுக்கம். 2012 டிசம்பரில் ஜேசன் ம்ராஸ் பாட, பல்லாயிரம் பேர் திரண்ட திடல். நான் பார்த்த அன்று பலூன் விற்பவர் ஒருவரும் சில குடும்பங்களும் இருந்தார்கள்.

அந்த ஊரில் முகவரிகூட விளையாட்டில்லை. அயர்ன் கிராஸ் குழுவின் லே ஃப்யூ தன் ஆல்பம் ஒன்றுக்கு 'பவர் 54' என்று பெயர் வைத்தார். 54 என்பது ஆங் சான் சூ கீ வீட்டுக் கதவு எண் என்று தணிக்கைக்காரர்கள் கண்டுபிடித்து, எண்ணை எடுக்க வைத்தார்கள். வெறும் 'பவர்' ஆயிற்று. இதைத் தேவகோட்டையிலிருக்கும் அம்மாவிடம் போனில் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "அது கெடக்கட்டும், தாத்தா இருந்த வீட்டைப் பாத்தியா?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை. தோன்றவே இல்லை.

தாத்தா மொகல் தெருவில் செட்டியார் கிட்டங்கி ஒன்றில் கணக்குப்பிள்ளை. 1942இல் நடந்தே கிளம்பி ஊர் வந்து சேர்ந்தவர். கூட வந்த தம்பியை வழியில் காலராவுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். 105, 315 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தாத்தாவின் கதவு எண் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. யாரோ எழுதிவைத்ததால் எனக்குக் கடமையான இடங்கள், எழுதிவைக்காததால் கடமையில்லாமல் போன இடம். இந்தக் கணக்கு எனக்கே பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அனோரதா சாலை காளி கோயிலில் ஒரு பெரியவரைப் பிடித்தேன். 1964இல் உறவெல்லாம் கப்பலேறியபோது தங்கிவிட்டவர். மொகல் தெரு இப்போது ஷ்வே போந்தா தெரு. கூடவே வந்து காட்டினார். மூன்று, நான்கு மாடிக் கட்டடங்கள், கீழே கடைகள், மேலே கம்பிகளில் காயும் துணி. எது என்றேன். "கிட்டங்கின்னா ஒரே கட்டடத்துல பல கடை, பல பேரு தம்பி. எண்ணும் மாறிப்போச்சு. இதுல ஏதோ ஒண்ணுன்னு வச்சுக்குங்களேன்" என்றார்.

வரிசையை முழுதாகப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். இந்த மாதிரிப் படம் அனுப்பச் சொல்லி வாசகர்களில் பலருக்கும் யாராவது கேட்டிருப்பார்கள். உடனே பதில் வந்தது: "எது?" உண்மையைச் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது என்பதும் ஒரு பதில்தானே. எழுபது தாண்டியவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். "ரெண்டாவது மாடி, பச்சை ஜன்னல்" என்று தட்டினேன்.

லிவர்பூல்காரர்களாவது பழைய செங்கல் கொஞ்சம் வைத்திருந்தார்கள். என்னிடம் அதுவும் இல்லை. அவர்கள் செய்ததைப் பொய் என்ற வாய் இப்போது என்ன சொல்லும் என்று அவ்வப்போது கேட்டுக்கொள்கிறேன். அம்மாவிடம் திருத்திச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் நினைப்பதுதான். படத்தைச் சட்டம் போட்டுத் தாத்தா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறார். போன பொங்கலுக்குப் போனபோது, பெரியம்மா பேத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: ராத்திரி வேலை முடிந்தால் தாத்தா அந்தப் பச்சை ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகும் பர்மாக்காரர்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பாராம், அவரே சொல்வாராம்.