சுவரில் தொங்கும் படம் யாருடையது?

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலை கரமனை ஆற்றைக் கடக்கும் இடத்துக்கு அருகே, தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழும் மக்களின் அக்கிரகாரத் தெருக்கள் உள்ளன. அகத்தியர் மலையில் தோன்றும் அந்த ஆறு, கரமனையைத் தொட்டுக்கொண்டு கோவளத்துக்கு அருகே கடலில் கலக்கிறது. இத்தகைய பழைய தெருக்களின் வீடுகளில் இரண்டு வகைப் படங்களைக் காணலாம். பூஜையறையில், தாமரை மீது நிற்கும் திருமகளோ வீணை மீட்டும் கலைமகளோ வண்ண அச்சுப் படமாக இருப்பர். கண்ணாடி மீது பல ஆண்டுகளாக இட்ட குங்குமம் படிந்திருக்கும். விளக்கின் புகை சட்டத்தைக் கறுப்பாக்கியிருக்கும். கூடத்துச் சுவரில், பாட்டனாரும் பாட்டியும் அமர்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் இருக்கும்.

நாள்தோறும் அந்தப் படங்களுக்கு முன்னால் கை கூப்புவோர், அவற்றை வரைந்தவர் யார், எடுத்தவர் யார் என்று கேட்பதில்லை. கேட்கவில்லை என்பது குறையா, அல்லது அந்தக் கலைஞனுக்குக் கிடைத்த மிக உயர்ந்த பரிசா? ஒருவனுடைய கைத்திறன் அவனுக்கு மட்டும் உரியதா, அல்லது அவன் வழியாகப் பிறருக்கு வந்து சேர வேண்டியதா? இக்கேள்விகளுக்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கரமனைக்கு அருகில் உள்ள அரண்மனையிலேயே அவை ஒருமுறை எழுந்தன.

மூடிய கதவு

கிளிமானூரில் 1848-ஆம் ஆண்டு பிறந்த ரவி வர்மா, பதினான்காம் வயதில், 1862-இல், தம் மாமனால் திருவனந்தபுரம் அழைத்து வரப்பட்டார். அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் ஆயில்யம் திருநாள் மகாராஜா. கலையில் நாட்டம் கொண்ட அம்மன்னர் சிறுவனை ஆதரித்தார். நீர் வண்ணத்தில் தேர்ச்சி பெற்ற இளைஞருக்கு, அன்று புதுமையாக இருந்த எண்ணெய் வண்ண ஓவியத்தைக் கற்க வேண்டும் என்ற தாகம் எழுந்தது.

எண்ணெய் வண்ணம் எளிதில் பிடிபடாத ஒன்று. நீர் வண்ணம் விரைவில் உலர்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணமோ உலரப் பல நாட்கள் ஆகும். அந்த ஈரத்திலேயே ஒளியையும் நிழலையும் ஒன்றோடொன்று இழைத்து, தோலின் மென்மையையும் பட்டின் பளபளப்பையும் கொண்டு வரலாம். ஆனால் எந்தப் பூச்சின் மீது எந்தப் பூச்சு, எவ்வளவு எண்ணெய், எத்தனை நாள் இடைவெளி என்ற கணக்குத் தவறினால் ஓவியம் வெடித்துவிடும். புத்தகமும் பள்ளியும் எட்டாத காலத்தில் இந்தக் கணக்கை அறிந்தவர் ஒருவர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

அரண்மனையில் அதை அறிந்திருந்தவர் ராமசாமி நாயக்கர். அவர் கற்பிக்க மறுத்துவிட்டார். 1868-இல் மன்னரின் உருவம் வரைய வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் கற்பிக்க முன்வரவில்லை; தாம் வரைவதை அருகிருந்து பார்க்க மட்டும் இசைந்தார்.

நாயக்கரைப் பொறாமைக்காரர் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் நீதி அவ்வளவு எளிதன்று. அரசவைக் கலைஞனுக்கு அவனுடைய வித்தையே அவனுடைய நிலம். மன்னரின் பார்வை வேறொருவர் மீது திரும்பினால் அவன் குடும்பத்தின் கதி என்ன? கற்க வந்த இளைஞரோ அரச குடும்பத்தோடு உறவு கொண்ட இல்லத்தில் பிறந்தவர். வித்தையைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவர் பசித்திருக்கப் போவதில்லை. வசதி படைத்தவர்கள் வறியவனைப் பார்த்து, ‘உன்னிடம் இருப்பதைப் பகிர்ந்து கொடு’ என்று அறம் சொல்வதில் ஓர் அநீதி உண்டு. நாயக்கரின் அச்சத்தைப் புரிந்துகொள்ளாமல் அவரைக் குறை கூறுவது தர்மமாகாது.

திறந்த கை

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. நாயக்கரின் உதவியாளராக இருந்த ஆறுமுகம் பிள்ளை என்பவர், ஆசிரியருக்குத் தெரியாமல், எண்ணெய் வண்ணத்தின் நுட்பங்களை அந்த இளைஞருக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று ரவி வர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன.

இங்கேதான் சிந்தனை கூர்மை பெறுகிறது. நாயக்கருக்கு இழப்பதற்கு ஒரு பதவி இருந்தது என்றால், அவரை அண்டிப் பிழைத்த உதவியாளருக்கு இழப்பதற்கு அதைவிடக் குறைவானதா இருந்தது? செய்தி வெளிப்பட்டால் முதலில் வெளியேற்றப்படுபவர் அவரே. அப்படியானால் கொடுப்பதற்கும் மறைப்பதற்கும் காரணம் செல்வமோ வறுமையோ மட்டும் அன்று. ஒரே வித்தை, ஒரே அரண்மனை, ஒரே அச்சம். ஒருவர் கை மூடியது, இன்னொருவர் கை திறந்தது.

ஆனால் ஓர் எதிர்க்கேள்வி எழும். குருவின் அனுமதியின்றி அவருடைய வித்தையைப் பிறருக்குக் கொடுப்பது துரோகம் ஆகாதா? தமிழ் மக்களுக்கு இக்கேள்வி புதிதன்று. திருக்கோட்டியூர் நம்பியிடம் பெற்ற மந்திரத்தின் பொருளை எவருக்கும் சொல்லலாகாது என்ற கட்டளையை மீறி, ராமானுஜர் அதை எல்லோருக்கும் வெளியிட்டார் என்று வைணவ குருபரம்பரை கூறுகிறது. ‘இதற்குத் தண்டனை நரகம் அல்லவா?’ என்று நம்பி கேட்டபோது, அனைவரும் உய்வதற்காகத் தாம் ஒருவர் நரகம் புகுவதை அவர் ஏற்றுக்கொண்டார். அந்தச் செயலை அறமாக்கியது மீறல் அன்று. மீறலின் விலையைத் தாமே செலுத்த முன்வந்த மனம். பிறர் சொத்தை எடுத்துத் தான் வளர்பவன் திருடன். தனக்கு ஆபத்து வரும் என்று அறிந்தும், தனக்கென எதுவும் வேண்டாமல் பிறரை வளர்ப்பவனை அந்தப் பெயரால் அழைக்க முடியாது.

தாம் இன்புறும் கல்வியால் உலகமும் இன்புறுவதைக் கண்டு கற்றறிந்தோர் அக்கல்வியை மேலும் விரும்புவர் என்கிறார் திருவள்ளுவர். பிறர் மகிழ்ச்சி தன் மகிழ்ச்சியைக் குறைத்துவிடும் என்று எண்ணுபவன் கற்றது தொழில். பிறர் மகிழ்ச்சியால் தன் மகிழ்ச்சி பெருகக் காண்பவன் கற்றதே கல்வி.

பாடலும் படமும்

கரமனையோடு தொடர்புடைய இன்னொரு கலைஞர் நீலகண்ட சிவன். 1839 முதல் 1900 வரை வாழ்ந்த அப்பெரியவரின் பக்திப் பாடல்களையும் பஜனையையும் சிறுவயதில் கேட்டு வளர்ந்தவர்தாம் பின்னாளில் பாபநாசம் சிவன் என்று புகழ்பெற்றார். பாடலுக்கு ஓர் இயல்பான விடுதலை உண்டு. ஒருவர் பாடியதை நூறு பேர் கேட்டு, நூறு வீடுகளுக்கு எடுத்துச் செல்லலாம். பாடியவரிடமிருந்து எதுவும் குறையாது.

ஓவியத்துக்கு அந்த விடுதலை இல்லை. அது ஒரே துணி, ஒரே சுவர், ஒரே உடைமையாளர். 1873-இல் சென்னையில் ஆளுநரின் தங்கப் பதக்கமும், அதே ஆண்டு வியன்னா கண்காட்சியில் பரிசும் பெற்ற ரவி வர்மாவின் ஓவியங்கள் அரண்மனைகளிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் தங்கின. கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய சர் டி. மாதவ ராவ், அந்த ஓவியங்களை வண்ண அச்சில் பெருக்கி மக்களிடம் சேர்க்கலாம் என்று 1884-இல் யோசனை கூறினார். பத்தாண்டுகளுக்குப் பின், 1894-இல், பம்பாயில் ரவி வர்மாவின் அச்சகம் தொடங்கியது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் உருவம் எழுதி, ஒன்றன் மேல் ஒன்றாக அச்சிட்டு, எண்ணெய் ஓவியம் போன்ற மெருகு ஏற்றினர். ஓவியம் பாடலைப் போல் வீடு வீடாகச் செல்லக் கற்றுக்கொண்டது.

இதன் பொருளை உணர ஓர் ஆண்டை நினைவுகொள்ள வேண்டும். திருவிதாங்கூரில் எல்லா இந்துக்களுக்கும் கோயில் கதவு திறக்கப்பட்டது 1936-இல். அதற்கு நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, சன்னிதிக்குள் நுழைய இயலாதவரும் சிறு விலைக்கு வாங்கித் தம் குடிசையில் வைத்து வணங்கத்தக்க தெய்வ உருவங்கள் அச்சாகிவிட்டன. மூடிய கதவுக்கு வெளியே நின்று கற்றவருடைய கையால், வேறு வகை மூடிய கதவுகளுக்கு வெளியே நின்றவர்களுக்குத் தரிசனம் கிட்டியது. ஆறுமுகம் பிள்ளை மறைவாகக் கொடுத்த சில நுட்பங்கள் இத்தனை தூரம் பயணம் செய்யும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார்.

கொடுத்தலின் மறுபக்கமும் உண்டு. அச்சகம் கடனில் மூழ்கி, 1901-இல் ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரிடம் கைமாறியது. பிறகு அந்த உருவங்கள் நாட்காட்டிகளிலும் தீப்பெட்டிகளிலும் விளம்பரங்களிலும் தோன்றின. நகல்கள் பெருகப் பெருக நேர்த்தி குறைந்தது. கொடுத்தபின் அது கொடுத்தவனுடையது அன்று. அதைப் பிறர் எப்படிப் பயன்படுத்துவர் என்ற கவலையையும் சேர்த்துக் கொடுத்துவிடும்போதுதான் தானம் நிறைவு பெறுகிறது. பெயரைத் துறப்பதைவிட இது கடினம்.

நிழலில் நின்றவர்

ரவி வர்மாவின் தம்பி சி. ராஜ ராஜ வர்மா 1860-இல் பிறந்தவர். தாமே சிறந்த இயற்கைக்காட்சி ஓவியர். அண்ணனோடு நாடெங்கும் பயணம் செய்தார், வேலைகளை ஒழுங்குபடுத்தினார், உருவங்களுக்குப் பின்னால் உள்ள வானத்தையும் மரங்களையும் நீர்நிலைகளையும் பல ஓவியங்களில் வரைந்தார். தினந்தோறும் குறிப்புகளும் எழுதினார். 1905-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே அண்ணனும் மறைந்தார். மக்கள் நினைவில் நின்றது ஒரே பெயர்.

தஞ்சைப் பெரிய கோயிலிலும் இதைக் காணலாம். ராஜராஜ சோழனின் கல்வெட்டு நானூறு ஆடல் மகளிரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கருவறையைச் சுற்றிய இருண்ட பாதையில் சோழர் கால ஓவியங்களைத் தீட்டியவர்களின் பெயரோ இன்று யாருக்கும் தெரியாது. பிற்கால நாயக்கர் ஓவியங்களுக்கு அடியில் மறைந்து கிடந்த அவற்றை, 1931-இல் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். ஒளியே புகாத இடத்தில், மிகச் சிலரே காணப்போகும் சுவரில், அவர்கள் ஒரு விரல் நுனியையும் அலட்சியமாக வரையவில்லை.

எடுத்தலும் கொடுத்தலும்

ஓவியத்துக்குப் பின் வந்தது புகைப்படம். தமிழ் வழக்கில் ஓவியத்தை ‘வரைகிறோம்’, ‘தீட்டுகிறோம்’. புகைப்படத்தையோ ‘எடுக்கிறோம்’, ‘பிடிக்கிறோம்’. ஓவியன் தன் உள்ளத்திலிருந்து ஒன்றை வெளியே வைக்கிறான். புகைப்படக்காரன் எதிரே இருப்பவரிடமிருந்து ஒன்றைப் பெற்றுக்கொள்கிறான் என்று மொழியே உணர்த்துகிறது. ஆகவே அவனுக்கு ஒரு கடன் கூடுதலாக உண்டு.

கூடத்துச் சுவரில் உள்ள பாட்டனாரும் பாட்டியும் கருவியின் முன் அசையாமல் அமர்ந்து, முன்பின் அறியாத ஒருவரை நம்பித் தம் முகத்தை ஒப்படைத்தனர். அவர் கறுப்புத் துணிக்குள் தலையை மறைத்துக்கொண்டார். படத்தில் அவர் இல்லை. எடுத்ததை நேர்மையாகத் திருப்பிக் கொடுத்ததால்தான், மறைந்த முன்னோரின் கண்கள் இன்றும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கின்றன. 1959-இல் திருவனந்தபுரத்தில் நிழற்பட நிலையம் தொடங்கி, 2021-இல் மறைந்த சிவன், கேரளத்தின் பல வரலாற்றுத் தருணங்களைப் பதிவுசெய்தவர். அந்தத் தருணங்களைப் பார்ப்பவர் தலைவர்களைக் காண்கின்றனர்; கருவிக்குப் பின்னால் பல மணி நேரம் காத்திருந்த கண்களை எண்ணுவதில்லை.

இன்று ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி. ஒவ்வொருவரும் படம் எடுப்பவர். துன்பத்தில் இருப்பவரின் முகத்தையும் வழிபடுபவரின் முகத்தையும் கேளாமல் எடுப்பது எளிதாகிவிட்டது. எடுத்ததைத் தன் பெயரோடு பரப்புவது அதைவிட எளிது. எடுக்கும் முன் ஒரு கணம் நின்று, ‘இது இவருக்கு நன்மை தருமா, எனக்குப் பெயர் தருமா?’ என்று கேட்பவனிடம் கருவியும் சாதனையாகிறது.

இரண்டு தர்மங்கள்

கரமனை வீட்டின் பூஜையறைக்குத் திரும்பலாம். படத்தை வரைந்தவரை யாரும் கேட்பதில்லை என்பது கலைஞனின் பக்கத்திலிருந்து பார்த்தால் வெற்றியே. கண்ணாடி தன்னை மறைத்துக்கொண்டால்தான் அதன் வழியாக விளக்கு தெரியும். ‘நான் செய்தேன்’ என்ற எண்ணம் கரைந்த இடத்தில்தான் தெய்வம் முகம் காட்டுகிறது.

ஆனால் பெறுபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவே மறதியாகிவிடுகிறது. கொடுத்தவன் தன் பெயரை மறப்பது பணிவு. பெற்றவன் அவன் பெயரை மறப்பது நன்றியின்மை. கொடுத்தவனுடைய பணிவைக் காரணம் காட்டிப் பெற்றவன் தன் கடனிலிருந்து தப்ப முடியாது. தம்பியின் வானத்தையும் உதவியாளரின் துணிவையும் அறிந்துகொள்வது, அந்த ஓவியத்தைப் பார்க்கும் ஒவ்வொருவர் மீதும் விழும் கடமை. அச்சத்தால் கை மூடியவரையும்கூட வெறுக்காமல் நினைவுகொள்வது அக்கடமையின் ஒரு பகுதியே.

மாலையில் விளக்கேற்றும்போது, படத்தின் மீது படிந்த கரியைத் துடைக்கும் கை ஒரு கணம் தயங்கி, ‘இதை இங்கே கொண்டு சேர்த்தவர் எத்தனை பேரோ!’ என்று நினைக்குமானால், அந்த வணக்கம் தெய்வத்துக்கும் அந்தப் பெயரறியாதவர்களுக்கும் ஒருசேரப் போய்ச் சேரும்.